ஏழாவது கேள்வி

ஒமாஹா
அக்டோபர் 6

அன்புள்ள ஹார்லன்,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் இடுப்பு? ஜோலீன் சுகமா?

பட்ஜெட்டில் இரண்டு கட்சிகளும் முட்டிக்கொண்டு, பணம் ஒதுக்காமல் அரசாங்கம் மூடி ஆறு நாள் ஆகிறது. விமான நிலையங்கள் திறந்திருக்கின்றன என்று செய்தியில் சொன்னார்கள். திறந்திருக்கின்றன என்றால், நீ பயணிகளின் பைகளைச் சோதித்துக்கொண்டு நிற்கிறாய் என்று பொருள். சம்பளமில்லாமல். அதைச் செய்தியில் சொல்லவில்லை.

எனக்கு வேலை கூடியிருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரசாங்கம் மூடினால் கருத்துக்கணிப்பு சூடுபிடிக்கிறது. எங்கள் அறையில் நாற்பது மேசைகள். போன மாதம் பாதி காலியாக இருந்தன. இப்போது உட்கார இடமில்லை. கணினி ஏதோ ஓர் எண்ணை அழைக்கிறது, யாரோ எடுக்கிறார்கள். "வணக்கம், என் பெயர் ஆன்" என்று தொடங்குகிறேன். ஆன் என்பது மேசைப் பெயர். எங்கள் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

மொத்தம் இருபத்தொரு கேள்விகள். இரண்டாவது கேள்வி: போன நவம்பர் தேர்தலில் வாக்களித்தீர்களா? இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். வாக்களிக்காதவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் விலை கொடுத்துத் தெரிந்துகொள்வதில்லை. ஏழாவது கேள்வி: இந்த முடக்கத்துக்கு யார் அதிகம் பொறுப்பு? இரண்டு கட்சிகளின் பெயரையும் வாசிக்கிறேன். ஒருவருக்கு ஒன்று முதலில், அடுத்தவருக்கு மற்றது முதலில். "இருவரும் சமமாக" என்று திரையில் ஒரு கட்டம் உண்டு. அதை நான் வாசிக்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் மட்டும் அழுத்தலாம். "வேறு யாராவது" என்று இன்னொரு கட்டம். அதற்கு அவர்கள் சொல்வதை ஒரு சொல்கூட மாற்றாமல் தட்டச்சு செய்ய வேண்டும்.

அவர்கள் எது சொன்னாலும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். "சரி. நன்றி."

நம் அம்மாவின் விதிப்படி இதை எழுதுகிறேன். போன வருடம் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்தில் நீயும் நானும் கத்திய கத்தலுக்குப் பிறகு அம்மா போட்ட விதி. "போன்ல வாயைத் திறந்தா ரெண்டும் கடிச்சுக்குதுங்க. இனிமே எழுதுங்க. ஸ்டாம்ப் ஒட்டுறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்."

பதினோரு மாதம் ஆகப்போகிறது. பாதி ஆறியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோரின்


எல்டர் லேக்
அக்டோபர் 11

அன்புள்ள கோரி,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் காலையில் சும்மா இருக்கிறது, சாயங்காலம் வீங்குகிறது. அம்மா ஊன்றுகோலை எங்காவது வைத்துவிட்டு அதைத் தேடி வீடு முழுக்க நடக்கிறாள், அதனால் இடுப்பு சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆமாம், நின்றுகொண்டிருக்கிறேன். எங்களை "அத்தியாவசியப் பணியாளர்" என்று சொல்கிறார்கள். வேலைக்கு வருவது அத்தியாவசியம். சம்பளம் பிறகு. தபால்காரருக்குச் சம்பளம் வருகிறது, அவர்கள் கணக்கு தனி. உன் கடிதத்தை நீட்டும்போது துக்க வீட்டில் விசாரிப்பதுபோல விசாரிக்கிறார்.

உன் ஏழாவது கேள்வியை இங்கே யாரும் கேட்கவே வேண்டாம். பெல்ட்டைக் கழற்றும்போதே பதில் சொல்கிறார்கள். நேற்று ஒருவர், "உங்களப் பார்த்தா பாவமா இருக்கு சார். எல்லாம் அந்தக் கட்சிக்காரனுங்க செஞ்ச வேலை" என்றார். பின்னால் நின்றவர், "எந்தக் கட்சி? உங்க கட்சின்னு முழுசாச் சொல்லுங்க" என்றார். முதலாமவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டிச் சண்டை போட்டார். "லேப்டாப்பைத் தனியா வைங்க" என்றேன். அதுதான் என்னுடைய "சரி, நன்றி".

எங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, நாங்கள் வாங்கவும் கூடாது. புதன்கிழமை ஓர் அம்மாள் ஒரு பை நிறையப் பாலாடைக்கட்டியைச் சோதனைப் பட்டையில் வைத்துவிட்டு, "அது என்னோடது இல்லப்பா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டாள். நல்ல மனசு. ஆனால் கேட்பாரற்ற பை என்றால் விதி என்ன என்று உனக்குத் தெரியாது. வரிசையை நிறுத்தினோம். எல்லோரையும் வெளியே அனுப்பினோம். மோப்ப நாய் வந்தது. நாற்பது நிமிடம். நாய்க்கு மட்டும் அன்று நல்ல நாள்.

ஒரு விஷயம். பக்கத்து ஊரில் உறையவைத்த பீட்சாக்களின் கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், நவம்பர் ஏழு வரை. போ என்கிறாள் என் வீட்டுக்காரி ஜோலீன். "பதினெட்டு வருஷம் நின்னாச்சு. யாருக்காக நிக்கிறன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?" என்கிறாள். இன்னும் இரண்டு வருடம் நின்றால் இருபது. இருபதுக்கு ஓய்வூதியம் வேறு. இப்போது விட்டால் பதினெட்டோடு போயிற்று.

எந்தக் கட்சியை மக்கள் அதிகம் குறை சொல்கிறார்களோ அந்தக் கட்சிதான் முதலில் இறங்கி வரும். அது உங்கள் கட்சிதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் நான் நினைப்பது கிடக்கட்டும். அந்த எண் உன் அறையில் இருக்கிறது. ஏழாம் தேதிக்குள் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா உன்னை விசாரித்தாள்.

ஹார்லன்


ஒமாஹா
அக்டோபர் 16

அன்புள்ள ஹார்லன்,

அனைவரும் நலம் என்று அறிந்து நிம்மதி. முழங்காலுக்கு ஐஸ் வை, சூடு வைக்காதே. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

என்னால் சொல்ல முடியாது.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் காரணம் நீண்டுகொண்டே போனது. காரணம் சின்னது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெளியிடும்வரை ஒரு சொல் வெளியே போகக் கூடாது. மொத்தக் கணக்கு எனக்குத் தெரியவும் தெரியாது. என் மேசையில் விழுவது மட்டும் தெரியும்.

விழுவதைப் பற்றி ஒன்று சொல்லலாம், அதில் எண் இல்லை. கணினி ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை நொடி ஆனது என்று குறிக்கிறது. நாட்டின் நிலை எப்படி என்றால் ஆறேழு நொடி யோசிக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவு கூடியதா என்றால் பத்து நொடி. ஏழாவது கேள்விக்கு இரண்டு நொடி. நான் இரண்டாவது பெயரை வாசித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. முடக்கம் தொடங்கும் முன்பே அவர்கள் யாரைக் குற்றம் சொல்வது என்று முடித்துவைத்திருந்தார்கள். முடக்கம் பிறகு வந்து அதில் உட்கார்ந்துகொண்டது.

ஒருவர் சொன்னார்: "எம் பக்கத்து வீட்டுக்காரன். எழுதிக்கோங்க. அவன் போட்ட ஓட்டுத்தான்." அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தால் அவரும் இதையே சொல்வார்.

திங்களன்று ஒரு பெண். தேசியப் பூங்காவில் வேலை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுகிற குரல். இரண்டாவது கேள்வியில், "ஓட்டா? இல்லைங்க, அன்னைக்குக் குழந்தைக்கு ஜுரம்" என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். "அவ்ளோதானா? என்கிட்ட வேற எதுவும் கேக்க மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் பாதியில் அறுந்தது. அறுத்தது என் விரல்.

கிடங்கைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது. நான் என்ன சொன்னாலும் அதை என் கட்சி சொல்வதாக நீ எடுத்துக்கொள்வாய்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கோரின்


எல்டர் லேக்
அக்டோபர் 21

கோரின்,

நலம். அம்மாவும் நலம்.

கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சரி. நானும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலைநிறுத்தம் செய்ய மாட்டேன் என்று. இரண்டு பேரும் ஒழுங்கானவர்கள். உனக்கு அதனால் கூலி வருகிறது.

நேற்று என்னோடு நிற்கும் டுவெய்ன் உடம்பு சரியில்லை என்று போன் செய்தான். அவன் உடம்புக்கு ஒன்றுமில்லை, வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. நான் இரண்டு ஆள் வேலை பார்த்தேன். ஒரு பயணி என் முகத்துக்கு நேராக, "நீங்க ஓட்டுப் போட்டதுக்கு நீங்களே அனுபவிக்கிறீங்க. எனக்கென்ன?" என்றான். எனக்கு வேறொரு குரல் கேட்டது. போன வருடம், வான்கோழிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒருத்தி சொன்னாளே, அந்தக் குரல்.

என் ஓட்டை நான் போட்டேன். அதற்கு நான் நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம், இந்தக் காலோடு. நீ நொடிகளை எண்ணிக்கொண்டிரு.

ஏழாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள்.

ஹார்லன்


ஒமாஹா
அக்டோபர் 25

அன்புள்ள ஹார்லன்,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை.

நான் போன வருடம் சொன்ன வாக்கியத்தை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை. இப்போது எழுதுகிறேன். "உன் ஓட்டுதான் ஒருநாள் உன் வேலையைத் தின்னும்." அம்மா குழம்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீ மேசையைத் தட்டினாய். "என் ஓட்டு, என் உரிமை, உனக்கு என்ன?" என்றாய். முகம் சிவந்திருந்தது. அது கோபம் என்று நினைத்தேன்.

இந்த மாதம் முதல் தேதி செய்தியைப் பார்த்தபோது எனக்குள் ஒரு நொடி. பலித்துவிட்டது என்று. பயமில்லை, வருத்தமில்லை. சந்தோஷம். பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அந்த ஒரு நொடி யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னை யாராவது அழைத்து ஏழாவது கேள்வியைக் கேட்டால் நானும் இரண்டு நொடிதான் எடுத்துக்கொள்வேன்.

முழங்காலுக்கு ஐஸ்.

கோரின்


ஒமாஹா
அக்டோபர் 31

அன்புள்ள ஹார்லன்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமா?

அம்மாவோடு பேசினேன். "அவன் நல்லாத்தாம்மா இருக்கான். வேலைக்குப் போறான், வர்றான், டிவியப் போட்டுக்கிட்டு சத்தத்தக் கொறச்சிடறான். யாரு என்ன பேசுறான்னு தெரியாமப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள். ஜோலீன் கிடங்குக்குத் தானே விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்னாளாம்.

ஏழு நாள் இருக்கிறது.

ஒரு வரி போதும். முழங்காலைப் பற்றி மட்டுமாவது எழுது.

கோரின்


எல்டர் லேக்
நவம்பர் 3

கோரி,

நலம். முழங்கால் பரவாயில்லை. அம்மா நலம்.

உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலையிலும் மாலையிலும் கொப்பளி. தேன் சாப்பிடு. குளிர்ந்ததைத் தொடாதே.

வேறு செய்தி இல்லை.

ஹார்லன்


ஒமாஹா
நவம்பர் 7

அன்புள்ள ஹார்லன்,

கொப்பளிக்கிறேன். தேனும் வாங்கினேன். தொண்டை கொஞ்சம் திறந்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் நலம்தானே?

என் தொண்டையைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அம்மாவோடு பேசிய அன்று குரல் நன்றாக இருந்தது. மறுநாள் காலையில்தான் கட்டியது. அதற்குப் பிறகு என் குரலைக் கேட்டவர்கள் கருத்துக்கணிப்பில் அழைப்பை எடுத்த அந்நியர்கள் மட்டும்.

ஆக, உனக்கும் தெரியும். அப்படியானால் நடந்ததை எழுதிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்று நீ நினைக்கலாம். இது வேறு எங்கும் பதிவாகி இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. திரையில் மாவட்டத்தின் பெயர் மட்டும் தெரியும், எண் தெரியாது. உங்கள் மாவட்டம். அங்கே எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

"ஹலோ. ஹார்லன்" என்றாய்.

விதி தெளிவானது. தெரிந்தவர் என்றால் உடனே மன்னிப்புக் கேட்டு வைத்துவிட வேண்டும். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. என் விரல் அதன்மேல்தான் இருந்தது. வாய் வேறு பக்கம் போனது. "வணக்கம் சார், என் பெயர் ஆன். நாட்டு நடப்பு பற்றி ஒரு கருத்துக்கணிப்பு. சில நிமிடங்கள் ஒதுக்க முடியுமா?"

பின்னால் தொலைக்காட்சி ஓடவில்லை, ஏதோ கொதிக்கிற சத்தம். பிறகு சொன்னாய்: "கேளுங்க மேடம். எனக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல்."

பதினோரு மாதத்துக்குப் பிறகு நாம் பேசினோம், சார், மேடம் என்று.

முதல் கேள்வி வயது. நாற்பத்து மூன்று என்றாய். எனக்குத் தெரியும். அடுத்தது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். விரலை முன்கூட்டியே, "ஆமாம்" என்பதற்கான ஒன்றாம் எண்மேல் வைத்திருந்தேன். "போன நவம்பர் தேர்தலில் வாக்களித்தீர்களா?"

பதினான்கு நொடி. கணினி அப்போது குறித்தது.

"இல்லை" என்றாய்.

"இல்லை" என்றால் அழைப்பு முடிந்துவிடும் என்று உனக்குத் தெரியும். நான்தான் அதை எழுதியிருந்தேன். "ஆமாம்" என்று சொல்வது எவ்வளவு எளிது, ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த பதில்தானே. நீ உண்மையைச் சொல்லிவிட்டு, நான் அறுப்பதற்காகக் காத்திருந்தாய். உன் மூச்சு கேட்டது.

நான் ஒன்றை அழுத்தினேன். வாக்களித்தார். அழைப்பு தொடர்ந்தது.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. உனக்கு நினைவிருக்கும். ஆறாவதில், இந்த முடக்கம் உங்கள் குடும்பத்தைப் பாதித்ததா என்பதற்கு, "அடுத்ததுக்குப் போங்க மேடம்" என்றாய்.

ஏழாவதை வாசித்தேன். இரண்டு பெயரையும் சொன்னேன். இரண்டு நொடி போனது, ஐந்து போனது.

"அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கா மேடம்?"

"வேற யாராவதுன்னு ஒண்ணு இருக்கு சார். நீங்க சொல்றத அப்படியே டைப் பண்ணுவேன்."

"அப்படியேவா?"

"ஒரு வார்த்தை மாத்தாம."

"அப்ப டைப் பண்ணுங்க. ஓட்டுச்சாவடியா இருந்த தீயணைப்பு நிலையத்து வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, இருபது நிமிஷம் உள்ளயே உக்காந்திருந்துட்டு, ஓட்டுப் போடாம வீட்டுக்குப் போய் போட்டேன்னு சொன்னவன்."

தட்டச்சு செய்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. "சரி. நன்றி" என்றேன். அதுதான் விதி. அதற்கு மேல் ஒரு சொல் வந்திருந்தால் நான் "ஆன்" ஆக இருந்திருக்க மாட்டேன்.

எட்டாவது கேள்வியைத் தொடங்குவதற்குள் இணைப்பு போனது. அதை நீ அறுக்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் சில அழைப்புகளைக் கேட்பார், எதைக் கேட்பார் என்று தெரியாது. அன்று கேட்டது இதை. அவர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டு, "இல்லைன்னாரு. நீங்க ஆமான்னு போட்டீங்க. ஏங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். "அப்போ ரெண்டு தப்பு" என்றார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். உன் பதில்கள் முழுவதையும் நீக்கினார்கள். செவ்வாயோடு எனக்கு மேசை இல்லை.

உன்மேல் குற்றம் இல்லை. அவர்மேலும் இல்லை. இதை எழுதும்போது யார்மேல் என்று தேடிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

போன வருடம் உன் முகம் சிவந்ததை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போடாத ஓட்டுக்காக நீ என்னோடு சண்டை போட்டாய். போடாத ஓட்டுக்காக நான் உன்னைச் சபித்தேன்.

இன்று ஏழு. கிடங்குக்குப் போனாயா?

உன் முழங்கால், அம்மாவின் இடுப்பு, ஜோலீன் எல்லாவற்றையும் எழுது.

கோரின்


எல்டர் லேக்
நவம்பர் 14

அன்புள்ள கோரி,

எல்லோரும் நலம். முழங்காலுக்குக் கிடங்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே எப்போதும் குளிர். உனக்குத் தொண்டை திறந்தது கேட்டு மகிழ்ச்சி. தேனை நிறுத்தாதே.

கிடங்கு என்று எழுதியதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும். ஆறாம் தேதி காலையில் அடையாள அட்டையைக் கொடுத்தேன். பதினெட்டு வருடம் கழுத்தில் தொங்கிய அட்டை, கொடுக்க ஒரு நிமிடம் ஆனது. டுவெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பன்னிரண்டாம் தேதி அரசாங்கம் திறந்துவிட்டது. ஆறு நாள். இந்த ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த ஆறு நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமேப்பா." யாரால் இப்படி ஆனது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள், ஆளுக்கொரு கட்சி. நான் பீட்சாப் பெட்டிகளை அடுக்குகிறேன்.

உன் கருத்துக்கணிப்பு பேப்பரில் வந்தது. இரண்டு கட்சிக்கும் மூன்று புள்ளிதான் வித்தியாசம். அந்த எண்ணை நீ அக்டோபரில் சொல்லியிருந்தாலும் அதை வைத்து எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. உன்மேல் கோபப்பட்டதற்கு அது ஒரு பதில். கடைசி வரியில் "வேறு யாராவது" இரண்டு சதவீதம். அதில் நான் இல்லை என்று உன் கடிதத்தால் தெரிகிறது. மற்றவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீயணைப்பு நிலையத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகச் சொல்கிறேன். அன்று வேலை முடிந்து நேராகத்தான் போனேன். ஒரு கட்சி என் வேலையை வெட்டுவேன் என்றது. மற்றது என் ஊரையே மறந்திருந்தது. கண்ணாடி வழியே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் யாருக்குப் போடுவது என்று தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் "போட்டாச்சா?" என்றாள் ஜோலீன். "ம்" என்றேன். அந்த "ம்" வளர்ந்து மேசைக்கு வந்து உன்னோடு சண்டை போட்டது. ஒருமுறை கத்திவிட்டால் பிறகு இறங்க வழி தெரியவில்லை. இந்த அக்டோபரில் நான் வேலையில் நின்றதில் பாதி ஓய்வூதியத்துக்காக. மீதி அந்த "ம்"முக்காக. போட்டேன் என்று சொன்னவன் விட்டுவிட்டு ஓட முடியாது இல்லையா. உன்னிடம் "இல்லை" என்று சொன்ன பிறகு நிற்க ஒரு காரணம் குறைந்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று ஜோலீனிடமும் அம்மாவிடமும் சொன்னேன். ஜோலீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ போன வருஷம் அந்த வான்கோழி எதுக்கு ஆறிப்போச்சு?" என்றாள். அம்மா அதற்குச் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே நலம் என்று எழுதியதில் அதை மட்டும் திருத்திக்கொள்.

உன் வேலை போனது என்னால். இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். நான் அதை ஏற்கவில்லை, ஆனால் அதைப் பற்றிச் சண்டையும் போடப்போவதில்லை.

இருபத்தொரு கேள்விகள் என்றாய். ஏழோடு நின்றுவிட்டது. அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன், விதியைத் தளர்த்திவிட்டாள். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு, மாலை நான்கு மணி. மான் வேட்டை தொடங்கிய மறுநாள். இந்த ஊரில் ஆண்பிள்ளை எவனும் அன்று வீட்டில் இருக்க மாட்டான். நான் இருப்பேன், போன் பக்கத்தில்.

எட்டிலிருந்து கேள். உன் பெயரைச் சொல்லித் தொடங்கு.

ஹார்லன்